பாவ புண்ணியக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் எழுதுவது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சங்கப் படிப்பகத்துக்கு நான்கு இளம் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர்கள். நால்வரும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம். ஒருவருடைய தகப்பனார் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் முப்பது வருஷம் நின்றே வேலை செய்து, கால் நரம்பு புடைத்துப் போனவர். ஒரு பெண்ணின் தாயார் இன்றைக்கும் நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவர். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து ஆசிரியர்கள் கிளம்பி வருவதைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது.

டீ வந்தது. பேச்சும் வளர்ந்தது. நாம் அவர்கள் முன்னால் ஒரு கேள்வியைப் போட்டோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதத்தைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்?

நால்வரும் நான்கு பதில் சொன்னார்கள். அந்த நான்கையும் இங்கே எடுத்து வைத்துப் பேசப் போகிறோம். அந்த இளைஞர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. நாளைக்கு நம் பிள்ளைகளின் தலையில் என்ன ஏறப் போகிறது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அதற்காகத்தான்.

நமக்கு ஏன் இந்த வம்பு?

"பஞ்சப்படி, போனஸ், நடவுக் கூலி என்று தலைக்கு மேல் வெள்ளம் போகிறது. மதப் பாடத்தைப் பற்றி நமக்கு என்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். பதில் சொல்கிறோம்.

2024 ஆகஸ்ட் மாதக் கடைசியில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு ஓர் ஆன்மிகப் பேச்சாளர் வந்தார். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன் ஜென்மத்தில் செய்த பாவத்தால்தான் சிலர் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்ற பொருள்பட அவர் பேசினார். அந்தப் பள்ளியிலேயே பார்வை இல்லாத தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேச்சாளர் அடங்கினாரா? இல்லை. மைக் தம்மிடம் இருக்கும் தைரியத்தில் ஆசிரியரோடு வாக்குவாதம் செய்தார்! அந்தக் காட்சி செல்போன்களில் பரவி, நாடு முழுவதும் பார்த்தது. செப்டம்பரில் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். தலைமையாசிரியர்கள் இடம் மாற்றப்பட்டார்கள்.

அதோடு கதை முடிந்ததா? நம் ஊரில் முடியவில்லை.

நம் ஊரில் விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு தாய்க்கு ஒரே மகள். அவள் பிறக்கும்போது வண்டி கிடைக்கவில்லை. நடு இரவில் வீட்டிலேயே பிரசவம். வெளியே இழுத்த இழுப்பில் பிள்ளையின் தோள் நரம்பு அறுந்து, வலது கை தூக்க முடியாமல் போய்விட்டது. அந்தப் பெண் இடது கையால் எழுதி வகுப்பில் முதலாவதாக வருகிறாள். அவளும் அந்தப் பேச்சைச் செல்போனில் பார்த்திருக்கிறாள். மறுநாள் அந்தத் தாய் சங்க ஆபீஸ் வாசலில் வந்து நின்று சொன்னார்: "அண்ணே, போன சென்மத்துல நான் என்னம்மா பாவம் பண்ணினேன்னு எம் பொண்ணு கேக்குறா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

தோழர்களே, இதுதான் நமக்குள்ள வம்பு! ஊருக்கு ரோடு இல்லாததும், அவசரத்துக்கு வண்டி இல்லாததும், ஒன்பதாம் மாதத்திலும் அந்தத் தாய் சேற்றில் குனிந்து நின்றதும் கணக்கில் இல்லையாம். பழியெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் முன் ஜென்மத்தின் மேலே! ஊனத்துக்குச் சொன்ன இதே நியாயத்தை நாளைக்குக் குடிசைக்கும் சொல்லலாம், கூலிக்கும் சொல்லலாம். பண்ணையாரின் பத்தாயம் நிறைவது அவர் செய்த புண்ணியம். உன் பானை காலியாக இருப்பது நீ செய்த பாவம். இந்தப் பாடம் ஒரு பிள்ளையின் மண்டையில் ஏறிவிட்டால், அது வளர்ந்து எந்தச் சங்கத்தில் சேரும்? எந்தக் கூலி உயர்வைக் கேட்கும்?

ஆகவே, மதத்தைப் பற்றிய பாடத்தை யார் வகுப்பது என்பதும் கூலிப் பிரச்னையைப் போலவே நம்முடைய பிரச்னைதான்.

மதப் பெரியவர்களிடம் விட்டுவிடலாமா?

முதல் இளைஞர் ஒரு மத நிர்வாகம் நடத்தும் உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கிறவர். "அந்தந்த மதத்தின் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும் தோழர். அவர்களுக்குத்தானே விஷயம் தெரியும்?" என்றார்.

தம்பி, அந்தப் பெரியவர்களைப் பெரியவர்களாக்கியது யார்? நாற்று நடுகிறவர்கள் கூடி ஓட்டுப் போட்டார்களா?

1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். அந்த நுழைவை மூர்க்கமாக எதிர்த்தவர்கள் யார்? மதத்தின் பெயரால் பேசிய பெரியவர்கள்தாம்! பாடம் எழுதும் பேனாவை அன்றைக்கு அவர்கள் கையில் கொடுத்திருந்தால், அந்த நாள் பாடப் புத்தகத்தில் வந்திருக்குமா? கோபுரத்தின் உயரம் வந்திருக்கும். கல் சுமந்தவனின் பேரன் வாசலில் நிறுத்தப்பட்ட சங்கதி வந்திருக்காது.

இந்த ஏற்பாட்டைச் சட்டமாகவே செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அது இங்கிலாந்து. 1944ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில், ஊர்ப் பள்ளிகளுக்கான மதப் பாடத் திட்டத்தை நான்கு குழுக்கள் கூடி வகுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்கென்றே ஒரு குழு. மற்ற மதப் பிரிவுகளுக்கு ஒரு குழு. ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு குழு. உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் தரப்புக்கு ஒரு குழு. நான்கும் ஒத்துக்கொண்டால்தான் பாடம் செல்லும். அதாவது, திருச்சபை தலையை ஆட்டாமல் ஒரு வரியும் நகராது! ஆசிரியருக்கு நாலில் ஒரு பங்கு. சுரங்கத் தொழிலாளிக்கும் நெசவாலைத் தொழிலாளிக்கும் பெற்றோர் என்ற முறையில் தனியாக ஒரு குழுவும் இல்லை. வேண்டாத பெற்றோர் தம் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்று உரிமை வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் எழுந்து வெளியே போகும் உரிமை வேறு, உள்ளே உட்கார்ந்து தீர்மானிக்கும் உரிமை வேறு. லாக்-அவுட் செய்த முதலாளி, "வீட்டுக்குப் போக உனக்குப் பூரண சுதந்திரம் உண்டு" என்று சொல்வதைப் போன்றது அது.

பெரியவர்களின் ஒற்றுமைக்கு இன்னொரு சான்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 2008இல் கேரளத்தில் ஏழாம் வகுப்புச் சமூகப் பாடத்தில் ஒரு சின்னக் கதை வந்தது. தாயும் தகப்பனும் வேறு வேறு மதம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்கள். பிள்ளையின் மதம் என்ன என்று கேட்கிறார்கள். மதம் இல்லை, வளர்ந்த பிறகு வேண்டுமானால் அவனே தேர்ந்துகொள்ளட்டும் என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எடுத்ததற்கெல்லாம் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் மதத் தலைமைகள், அந்த ஒரு பக்கத்துக்கு எதிராக ஒரே வரிசையில் வந்து நின்றன! அந்தக் கிளர்ச்சியின்போது மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலைமையாசிரியர் தாக்கப்பட்டு உயிரை விட்டார். பிள்ளை தானே யோசித்துத் தேர்ந்துகொள்ளலாம் என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை ஆத்திரம். ஏன்? மந்தையிலிருந்து ஓர் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லா மேய்ப்பர்களுக்கும் கலக்கம்தான்.

சர்க்கார் கொடுப்பதை நடத்திவிட்டுப் போகலாமா?

இரண்டாமவர் பரீட்சை எழுதித் தேறி அரசுப் பள்ளியில் சேர்ந்தவர். "புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை நடத்துவோம். நமக்கு எதற்கு வேறு யோசனை?" என்றார்.

சர்க்கார் என்பது மலை அல்ல, நகராமல் இருப்பதற்கு. சர்க்கார் மாறும். புத்தகமும் மாறும். 2022இல் குஜராத் அரசு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பகவத் கீதையைப் பள்ளிகளில் சேர்ப்பதாக அறிவித்தது. 2023இல் டில்லியிலிருந்து வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் உயிர்களின் பரிணாமத்தைப் பற்றிய பாடம் காணாமல் போனது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் மொகலாய தர்பாரைப் பற்றிய அத்தியாயம் போனது. காந்தி கொலையைப் பற்றிய சில வரிகளும் போயின. கேட்டதற்கு, பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறோம் என்றார்கள். பாரத்தைக் குறைக்கிறவர்களுக்குக் கையில் அகப்பட்டது டார்வினும் மொகலாயரும் காந்தியும்தானா?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது: முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சம்மதம் இல்லாமல் எவரையும் மத போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. பிள்ளையானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் நடந்தபோது டாக்டர் அம்பேத்கர் காரணங்களை எடுத்து வைத்தார். எல்லோரும் கொடுக்கும் வரிப் பணத்தை ஒரு மதத்தின் போதனைக்குச் செலவிட முடியாது. நாட்டில் மதங்களும் பிரிவுகளும் ஏராளம். ஒவ்வொன்றும் தன் வழியே சரியான வழி என்கிறது. அந்தச் சண்டையைப் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துவரலாமா என்று கேட்டார்.

இந்தக் கதவு மூடியிருப்பதால் சிலர் ஜன்னல் வழியாக வரப் பார்க்கிறார்கள். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரிக் கல்விக் குழு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. மத போதனை வேறு; மதங்களைப் பற்றிய கல்வி வேறு. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மதங்களைப் பற்றிய கல்விக்குத் தடை இல்லை என்றது. வேறுபாடு சரியானதுதான். நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வேறுபாட்டை வகுப்பறையில் காப்பாற்ற வேண்டியவர் யார்? நீதிபதி நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கப் போவதில்லை. ஆசிரியர்தான் நிற்கிறார். அவர் கொடுத்ததை ஒப்பிக்கும் ஒலிபெருக்கியாக இருந்தால், "பற்றி" என்ற சொல் ஒரே வாரத்தில் கழன்று விழும். போதனை மட்டும் மிஞ்சும்.

பெற்றோர் விருப்பமே போதுமா?

மூன்றாமவர் தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் பெண். "பெற்றோர் என்ன கேட்கிறார்களோ அதைச் செய்துவிட வேண்டியதுதான் தோழர்" என்றார்.

அம்மா, பெற்றோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? பீஸ் கட்டிவிட்டுக் காரில் வந்து இறங்குகிறவரையா? பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைக்கிறார்கள். ஷிப்டில் நிற்கிற தொழிலாளி வர முடியுமா? நடவுக்குப் போன தாய் வந்தால் ஒரு நாள் கூலி போகுமே, யார் கொடுப்பார்கள்? அங்கே வந்து பேசுகிறவர் காண்டிராக்டர், தலையாட்டுகிறவர் மிராசுதார். "பெற்றோர் அனைவரும் விரும்பியபடி" என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது!

பெற்றோருக்கு உரிமை வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லாப் பெற்றோருக்கும் வேண்டும். அதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு வைக்கச் சொல்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். இத்தனை வருஷமாக இந்தப் பிடி சுவரில் ஆணி அடித்து மாட்டிய அரிவாளைப் போலத் தொங்குகிறது. எடுத்துப் பயன்படுத்துகிற கையைத்தான் காணோம்.

வாயே திறக்காமல் இருந்துவிட்டால்?

நான்காவது இளைஞர் தற்காலிக வேலையில் இருப்பவர். நெடுநேரம் பேசவே இல்லை. கடைசியில் சொன்னார்: "மதம் என்ற பேச்சே வகுப்பில் வேண்டாம் அண்ணே. எதையாவது சொல்லப் போய், எவனாவது வீடியோ எடுத்துப் போட்டால், மறுநாள் எனக்கு வேலை இருக்காது."

நால்வரில் உண்மையை மறைக்காமல் சொன்னவர் இவர்தான். இவருடைய பயத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். பதலியாக நிற்கிற மில் தொழிலாளிக்கு இந்தப் பயம் தெரியும். தமிழ்நாட்டில் 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக் கணக்கில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்று இருப்பவர், மைக் பிடித்து வந்தவரை எழுந்து கேள்வி கேட்பாரா?

ஆனாலும் தம்பி, உங்கள் மவுனம் அந்த இடத்தைக் காலியாகவா வைத்திருக்கும்? பிள்ளை கேள்வி கேட்கத்தான் செய்யும். "சார், நாங்க ஏன் அந்தத் தெருச் சாமியத் தொடக் கூடாது?" என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால், செல்போனில் ஒருவர் சொல்வார். கோயில் திண்ணையில் ஒருவர் சொல்வார். கையில் வண்ணக் கயிறு கட்டிவிடுகிறவன் சொல்வான். படித்த ஆசிரியர் விட்டுக்கொடுத்த இடத்தில் படிக்காத துவேஷம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் யார்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் வாசகர்களில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. அவர்கள் கும்பிடுவதில் நாம் தலையிட வரவில்லை. கும்பிடுவது வீட்டுக் காரியம், மனசுக் காரியம். அதைச் சொல்லிக் கொடுக்கத் தாயும் பாட்டியும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் வேலை வேறு. புத்தர் என்ன சொன்னார், சித்தர்கள் எதைச் சாடினார்கள், வள்ளலார் ஏன் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார், கோயிலைக் கட்டியது யார் பணம், யார் உழைப்பு, யார் உள்ளே போனார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரலாறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏன் நோன்பு இருக்கிறது, எதிர் வீட்டில் ஏன் சிலுவை மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு வதந்தியைக் கேட்டுக் கல்லை எடுக்காது.

இந்தப் பாடத்தை வகுக்க நாம் சொல்லும் வழி இதுதான்.

முதலாவது, பாடத் திட்டத்தை எழுதுகிறவர்கள் வரலாறு படித்த அறிஞர்களும் வகுப்பில் நின்று பழகிய ஆசிரியர்களுமாக இருக்க வேண்டும். மதப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம். எங்கள் மதத்தைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்றால் திருத்தலாம். ஆனால் இந்தப் பக்கம் கூடாது என்று கிழிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கக் கூடாது.

இரண்டாவது, எழுதிய பாடம் அச்சேறுவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிய வேண்டும். ஒரு வரியை எடுத்தாலும், ஒரு வரியைச் சேர்த்தாலும், எடுத்தவர் யார், சேர்த்தவர் யார், காரணம் என்ன என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு உயிரோடு இருக்க வேண்டும். கூட்டம் வேலை முடிந்த பிறகு, சாயங்காலத்தில் நடக்க வேண்டும். அந்தக் குழுவுக்குத் தெரியாமல் எந்தச் சாமியாரும், எந்தப் போதகரும், எந்தப் பேச்சாளரும் மைக்கோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது.

நான்காவது, இவ்வளவையும் வகுப்பறையில் காப்பாற்றப் போகிற ஆசிரியருக்கு வேலை நிரந்தரம் வேண்டும். முறையான பயிற்சி வேண்டும். சோற்றுக்குப் பயப்படுகிறவரிடம் போய், நீங்கள் சத்தியத்துக்குப் பயப்படாமல் இருங்கள் என்று உபதேசம் செய்வது அநியாயம்.

இதைச் சொன்னபோது அந்த நான்காவது இளைஞர் கேட்டார்: "எல்லாம் சரி அண்ணே. நாளைக்கு எங்கள் பள்ளிக்கே ஒருவர் மைக்கோடு வந்து நின்றால், நான் எழுந்து கேட்டால், என் பக்கத்தில் யார் நிற்பார்கள்?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சொல்ல வேண்டும். சென்னையில் பார்வை இல்லாத அந்த ஆசிரியர் எழுந்தபோது தனியாகத்தான் எழுந்தார். அடுத்த முறை எழுகிற ஆசிரியர் தனியாக இருக்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பள்ளியில் மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது என்று நாளைக்கே போய் விசாரியுங்கள். குழுவில் இடம் கேளுங்கள். பெண்களை அனுப்புங்கள். ஊருக்கு வந்திருக்கும் புது வாத்தியாரையும் டீச்சரையும் ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டு, "நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லி வையுங்கள்.

கை தூக்க முடியாத அந்தச் சிறுமிக்கு நாம் பதில் பாக்கி வைத்திருக்கிறோம். "உன் அம்மா எந்தப் பாவமும் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை. அன்றைக்கு ஊரில் ஒரு வண்டி இல்லை, அதுதான் நடந்தது" என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அதை அவளுடைய ஆசிரியர் வகுப்பில் நின்று, பயமில்லாமல், உரக்கச் சொல்ல வேண்டும்!